கதகதப்பு எத்தனை கிலோமீட்டர் தள்ளி? தில்லிக்காரர்களுக்கான குளிர்கால எம்.டி.பி. பந்தயத் தேர்வு

ஆர்.கே. புரத்து மலை மந்திருக்கு அருகே ஞாயிற்றுக்கிழமைச் சவாரி முடித்துக் காபி குடிக்கிற எங்கள் நால்வருக்கும் மூன்று ஆண்டுகளாக ஓர் ஆசை உண்டு. குளிர்காலத்தில் நடக்கும் நெடுந்தூர மலை மிதிவண்டி (எம்.டி.பி.) பந்தயம் ஒன்றை ஒருமுறையேனும் முழுமையாக ஓட்டி முடிக்க வேண்டும். ஆசை பொதுவானது, எந்தப் பந்தயம் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் ஸ்காட்லாந்து என்கிறார், இன்னொருவர் அமெரிக்கா என்கிறார், மூன்றாமவர் வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று கேட்கிறார். இந்த வழக்கைத் தீர்ப்பதற்காக நான் எழுதி வைத்த குறிப்புகளே இக்கட்டுரை; தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்கும் பிற தமிழர்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் முன் இருப்பவை நான்கு வழிகள். ஒன்று, தில்லியிலிருந்தே புறப்படும் 200 அல்லது 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். சவாரியை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சாலைச் சவாரி) டிசம்பரிலோ ஜனவரியிலோ எம்.டி.பி.யில் முடிப்பது. இரண்டு, இமாசலத்து மலைச் சாலையில் நாமே வகுத்துக்கொள்ளும் பன்னிரண்டு மணி நேரச் சுற்றுகள். மூன்று, ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பஃபர் 24 மணி நேரப் பந்தயம். நான்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பனிப்பாதையில் நடக்கும் ஆரோஹெட் 135. அலாஸ்காவின் இடிடராட் டிரெயில் இன்விடேஷனலையும் ஒருவர் சொன்னார். அதன் குறுகிய பிரிவே 350 மைல், நோம் நகரம் வரை செல்லும் நீண்ட பிரிவு 1000 மைல் என்பதால், அதைக் காபிப் பேச்சோடு விட்டுவிடுகிறேன்.

இத்தகைய ஒப்பீடுகளில் தூரம், ஏற்றம், செலவு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வழக்கம். குளிர்காலத்தில் அவை இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. விரல் மரத்து, உடை நனைந்து, வண்டி பழுதாகி நிற்கும் நேரத்தில் கதகதப்பான ஓர் இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும் உடல் எரியும் அடுப்பைப் போன்றது. மேட்டில் ஏறும்போது பூஜ்யம் டிகிரியிலும் வியர்த்துக் கொட்டும். தொல்லை நிற்கும்போதுதான் தொடங்குகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், வியர்வையிலோ மழையிலோ நனைந்த உள்ளாடை, அதுவரை உழைத்துச் சேர்த்த சூட்டைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும்.

எனக்கு இது ஏட்டறிவு அல்ல. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு ஜனவரி அதிகாலையில், தில்லிக்கு வடக்கே நெடுஞ்சாலையிலுள்ள முர்த்தலுக்குச் சற்று முன்பாக, என் பின்சக்கரம் காற்றிறங்கியது. மூடுபனி கம்பளிக் கையுறையை ஊறவைத்திருந்தது. வெப்பநிலை ஆறு டிகிரிதான் என்றாலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தவனின் தோலுக்கு அது இரண்டு டிகிரியாகவே படும். வீட்டில் பத்து நிமிடத்தில் முடிக்கும் ட்யூப் மாற்றத்துக்கு அன்று ஐம்பது நிமிடம் ஆயிற்று. வால்வு மூடியைக் கடைசியில் பல்லால்தான் கழற்றினேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தாபாவின் தந்தூர் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் சவாரி பிழைத்தது. அதே அடுப்பு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை அன்று முதல் ஒவ்வொரு பந்தய விவரத்தைப் படிக்கும்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அளவுகோலின்படி தில்லி பி.ஆர்.எம். மிகவும் தாராளமானது, ஏனெனில் நெடுஞ்சாலையில் தாபா இல்லாத பத்து கிலோமீட்டரைக் காண்பது அரிது. விதிகளும் எளியவை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். உணவுக்கும் பழுதுக்கும் நிற்கும் நேரமெல்லாம் அதில் அடக்கம். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலங்கி, ஆங்காங்கே முத்திரை வாங்க ஓர் அட்டை, அவ்வளவுதான். முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை கிடையாது. மனித சக்தியால் ஓடும் எந்த வண்டிக்கும் இடம் உண்டு என்பதால் எம்.டி.பி.க்குத் தடையில்லை, முள் பதித்ததுபோன்ற பட்டை டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான ஒன்றரை அங்குல டயரை மாட்டிக்கொண்டால், சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பது நடுத்தர ஓட்டுநருக்கும் இயலும்.

ஆனால் தில்லியின் குளிர்காலத்துக்கு இரண்டு தனிக் கேடுகள் உண்டு. மூடுபனி அவற்றில் ஒன்று. பத்தடி தள்ளி நிற்கும் லாரி கண்ணுக்குப் படாத காலைகளில் நாம் எத்தனை விளக்கு மாட்டியிருந்தாலும், நம்மைப் பார்க்க வேண்டியவர் பின்னால் வரும் ஓட்டுநர். அடர்ந்த மூடுபனிக்கு எச்சரிக்கை இருக்கும் நாளில் கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று வீட்டில் இருந்துவிடுவதே உசிதம். இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் நண்பர்களோடு நான் இப்போது வாதிடுவதில்லை.

மற்றொன்று புகை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். கடுமையாகப் பெடல் போடுபவர் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கிறார், அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தவிர்த்து வாய்வழியாக. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டில் 301 முதல் 400 வரை ‘மிக மோசம்’, 401க்கு மேல் ‘கடுமை’. தில்லி நவம்பர் முதல் ஜனவரி வரை பல நாள்களை இந்த இரண்டு படிகளிலேயே கழிக்கிறது. இங்கே ஒரு முரண்பாடு உண்டு. இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, மேலிருக்கும் வெப்பமான அடுக்கால் மூடி போட்டதுபோல் அடைபடுவதால், புகை அதிகாலையில்தான் மிகவும் கெட்டியாக இருக்கும். வெயில் ஏறிய பிற்பகலில் கலைந்து சற்றுத் தேறும். குளிருக்குப் பழக வேண்டியவருக்கோ அதிகாலைதான் வேண்டும். எங்கள் குழு இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: குறியீடு 300ஐத் தாண்டினால் வெளியே சவாரி இல்லை, வீட்டுக்குள், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் வண்டியைப் பூட்டிவிட்டுப் பால்கனிக் கதவையும் சாத்திக்கொள்வது. அதனால் ஒரு குளிர்காலத்தில் உண்மையான குளிர்ப் பயிற்சிக்குக் கிடைக்கும் காலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மழை பெய்து ஓய்ந்த மறுநாளையும், காற்று வீசும் நாளையும் அலுவலக விடுப்பு போட்டாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பி.ஆர்.எம். சாலைச் சவாரி, காட்டுப் பாதைப் பழக்கம் அதில் வராது. அதற்குக் குருகிராமுக்கும் ஃபரீதாபாதுக்கும் இடையிலுள்ள ஆரவல்லிக் குன்றுகள் இருக்கின்றன. குவார்ட்சைட் பாறைத் துண்டுகளும் சரளையும் நிறைந்த அந்தப் பாதைகள் வண்டியைக் கட்டுக்குள் வைக்கக் கற்றுத்தரும். பாதையின் இருபுறமும் நிற்பது நம் இராமநாதபுரத்துக்காரர்கள் நன்கறிந்த சீமைக் கருவேலம். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் அதே முள்தான் டயரில் ஏறுகிறது. ட்யூப்லெஸ் டயரும் அதற்குள் ஊற்றும் பசைத் திரவமும் இல்லாமல் அங்கே போவது வீண்.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இமாசலத்தின் பெயர்பெற்ற எம்.டி.பி. ஹிமாலயா பந்தயம் மழைக்காலம் ஓய்ந்த பருவத்துக்கு உரியது என்பதால், குளிர்காலத்தில் நாமே ஏற்பாடு செய்துகொண்டால்தான் உண்டு. இரவுப் பேருந்தில் வண்டியை ஏற்றிக்கொண்டு பீர் கிராமத்துக்குப் போய், சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள பில்லிங் வரையிலான பதினான்கு கிலோமீட்டர் ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கலாம். காற்று சுத்தம், குளிர் நிஜமானது, ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் அடிவாரத்துத் தேநீர்க் கடை. ஏறும்போது வியர்த்து இறங்கும்போது உறையும் பாடத்தை இதைவிட மலிவாகக் கற்க முடியாது. குறை ஒன்றே: நாமே வகுத்த சுற்றை நாமே பாதியில் நிறுத்தலாம். சென்ற பிப்ரவரியில் நாங்கள் பன்னிரண்டு மணி நேரம் என்று திட்டமிட்டு ஏழு மணி நேரத்தில் போர்வைக்குள் புகுந்துவிட்டோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, அதுதான் சிக்கல்.

ஸ்காட்லாந்துக்கு வருகிறேன். இன்வர்னஸ் நகருக்கு வடமேற்கே ஸ்ட்ராத்பெஃபர் அருகிலுள்ள கான்டின் காட்டில், ஜனவரி நடுவில், சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 10 மணிக்கு முடியும் சுற்றுப் பந்தயமாகப் பெயர் எடுத்தது ஸ்ட்ராத்பஃபர். (பொங்கலுக்கு ஊருக்குப் போவதா, அங்கே போவதா என்று வீட்டில் ஒரு விசாரணை நடக்கும், அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) அந்த வடக்கு அட்சரேகையில் அப்போது இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ பதினேழு மணி நேரம் இருட்டு. சுற்று ஒன்று பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் அமைவதால், மணிக்கு ஒருமுறை கூடாரத்துக்கும் சூடான சூப்புக்கும் திரும்பிவிடலாம். என் அளவுகோலின்படி இது மிகப் பெரிய சலுகை: பாதையில் எங்கே விழுந்தாலும் கதகதப்பு ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பின்னாலேயே வேறொரு ஓட்டுநர் வருகிறார்.

அங்கே வெப்பமானி பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும் என்றதும் தில்லிக்காரருக்கு ஓர் இறுமாப்பு வரும். அது ஏமாற்று. நமது ஜனவரி பெரும்பாலும் மழையில்லாத குளிர். அங்கே இருப்பது மழையும் சேறும் உருகும் பனியும் கலந்த ஈரக் குளிர். மூன்று டிகிரியில் நனைந்துகொண்டே ஓட்டுவது, காய்ந்த மைனஸ் பத்தைவிடக் கொடியது என்று அனுபவசாலிகள் சொல்வதை நான் நம்புகிறேன்; முர்த்தலில் கையுறை மட்டும் நனைந்ததற்கே பட்டது போதாதா? இரவில் அதே ஈரம் உறைந்தால் பாறை கண்ணாடியாகிவிடும், அப்போது இரும்பு ஆணி பதித்த டயர் இல்லாதவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். மணலும் சேறும் கலந்த நீரில் பிசின் வகை பிரேக் பேடுகள் ஓரிரவில் தேய்ந்து தீர்ந்துபோகும் என்பதால் உலோகத் துகள் சேர்த்துச் செய்த பேடுகளே தகும், அதிலும் இரண்டு செட் கையிருப்பாக வேண்டும்.

இந்தப் பந்தயத்துக்குள்ளேயே ஒரு கிளைத் தேர்வு இருக்கிறது: தனியாகவா, இருவராகவா, நால்வராகவா? சுற்றுக்கு எழுபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டும் குழு இருபது சுற்று முடிக்கும். நால்வர் குழுவில் ஆளுக்கு ஐந்து சுற்று, அதாவது ஐம்பது அறுபது கிலோமீட்டர். கால்களுக்கு இது பெரிய வேலையே அல்ல. வேலை இடைவெளியில்தான் இருக்கிறது. மூன்றரை மணி நேரம் ஓய்ந்து, தசைகள் இறுகி, தூக்கம் கண்ணைச் சுழற்றும் அதிகாலை 3 மணிக்கு, ஈரக் காலணிக்குள் மீண்டும் காலை நுழைத்துக்கொண்டு இருட்டில் இறங்க வேண்டும். தனி ஓட்டுநருக்கு இந்தத் துன்பம் குறைவு. ஓடிக்கொண்டே இருப்பதால் உடல் ஆறுவதில்லை. ஆனால் அவருக்கு உணவு தரவும், சங்கிலி துடைக்கவும், விளக்குக்கு மின்கலம் மாற்றவும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘போதும், நிறுத்து’ என்று சொல்லவும் தூங்காத ஒரு துணை கட்டாயம் தேவை. முதல் முறையாகப் போகும் ஒருவருக்கு அப்படி ஒரு துணையைத் தில்லியிலிருந்து விமானத்தில் அழைத்துப் போவது யாருடைய பொறுமையையும் சோதிக்கும் காரியம்.

இருவர் குழுதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகப் படுகிறது. ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று மாறினால் எழுபது நிமிட ஓய்வில் உடை மாற்றி, சாப்பிட்டு, வண்டியைத் துடைப்பதற்குள் நேரம் போய்விடும், தூக்கம் இல்லை; மூன்று சுற்றாக நீட்டினால் தனி ஓட்டுநரின் களைப்பும் நால்வர் குழுவின் விறைப்பும் சேர்ந்து வரும். ஆளுக்குப் பத்துச் சுற்று என்பதும் குறைந்ததல்ல. எங்களில் இருவர் இதற்கு எதிராக வாதாடினார்கள். அவர்கள் கணவனும் மனைவியும் என்பதால் அந்த வாதத்துக்குள் நான் அதிகம் நுழையவில்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லிச் சவாரிகளில் என் சட்டைப்பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். பூஜ்யம் டிகிரியில் அது பல்லோடு சண்டை போடுகிறது. எள்ளுருண்டையும் பேரீச்சையும் பரவாயில்லை. கூடாரத்துக்குத் திரும்பும் பந்தயத்தில் சூடான ரசம் சாதத்தை ஃப்ளாஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம் என்பது, உப்பும் நீரும் மாவுச்சத்தும் ஒரே குவளையில் கிடைக்கும் வசதி.

நான்காவது வழியான ஆரோஹெட் 135, இதுவரை சொன்ன எதற்கும் இனமானதல்ல. ஜனவரி இறுதியை ஒட்டி, கனடா எல்லையிலுள்ள இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரிலிருந்து தெற்கே, பனிச்சறுக்கு வாகனங்கள் ஓடும் பாதையில் 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர். கால வரம்பு 60 மணி நேரம். அந்த ஊருக்கே ‘நாட்டின் பனிப்பெட்டி’ என்று பட்டப்பெயர். மைனஸ் 30ஐத் தொடும் இரவுகள் அங்கே புதிதல்ல. மைனஸ் 25இல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் முகத்துக்கு அது மைனஸ் 35. மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகக்கூடிய அளவு அது. இடையில் தங்கிச் செல்லும் சாவடிகள் மூன்றே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐம்பது அறுபது கிலோமீட்டர் காடு. பனி இளகியிருந்தால் அந்த இடைவெளியைக் கடக்க ஒரு முழு இரவும் ஆகலாம். அதனால்தான் மைனஸ் 29 டிகிரியைத் தாங்கும் உறக்கப் பை, அடுப்பு, எரிபொருள், ஒரு நாள் உணவு ஆகியவற்றைக் கூடவே சுமக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கதகதப்பு எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில், அதை வண்டியிலேயே கட்டிக்கொண்டு போ என்பதே.

வண்டியும் வேறு. நான்கு, ஐந்து அங்குல அகல டயர் கொண்ட ஃபேட் பைக் வேண்டும். பனியில் அமிழாமல் மிதக்க அதன் காற்றழுத்தத்தை எட்டு பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்குவார்கள். தாது எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் அந்தக் குளிரில் தடித்து மந்தமாகும் என்பதால் கம்பியில் இயங்கும் பிரேக்கை நாடுவோர் உண்டு. லித்தியம் மின்கலம் கணிசமாக வலுவிழக்கும்; அதை உடலோடு ஒட்டிய பையில் வைத்துக் காக்க வேண்டும். கைப்பிடியின் மேல் மாட்டும் பெரிய உறைக்கு அங்கே ‘போகி’ என்று பெயர். நமக்குப் போகி பழையதைக் கழித்து எரிக்கும் நாள். அவர்களுக்கு அதுதான் விரல்களைக் காப்பாற்றும் சாதனம். மெல்லிய கையுறையோடு அதற்குள் கையை விட்டால் கியரையும் பிரேக்கையும் தடையின்றி இயக்கலாம். தில்லிக் குளிருக்கே ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு நான் கம்பளிக் கையுறை பக்கம் திரும்பவில்லை.

இவற்றில் எதையும் தில்லியில் ஒத்திகை பார்க்க முடியாது என்பதே ஆரோஹெட்டுக்கு எதிரான என் முக்கிய வாதம். உறைந்த விரலோடு அடுப்புப் பற்றவைப்பதையும், வியர்க்காத அளவுக்கு மெதுவாக ஓட்டுவதையும் முதல்முறையாகப் பந்தயத்திலேயே கற்றுக்கொள்வது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். லடாக்கிலோ ஸ்பிதியிலோ உள்ளூர்க்காரர் துணையோடு இரண்டு குளிர்காலம் தங்கி ஓட்டிப் பார்த்தவர் இதைப் பற்றி யோசிக்கலாம். எங்கள் நால்வரில் அப்படி யாரும் இல்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமானவை. பிரிட்டனின் சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே அமெச்சூர் வீரராகப் போட்டியில் கலந்துகொள்ளலாம், பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் தேதிக்கான காத்திருப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டும். விளக்குகளின் மின்கலங்கள் கைப்பையில்தான் போக வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன் அனுமதி தேவையில்லை. மிதிவண்டிப் பெட்டிக்கான கட்டணத்தை நால்வரும் பகிர்ந்துகொள்ள ஒரு வழி உண்டு: சுற்றுப் பந்தயத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுகிறார் என்பதால், உயரம் ஒத்த இருவருக்குப் பொதுவாக ஒன்று, மற்ற இருவருக்கும் ஆளுக்கொன்று என்று மூன்று வண்டிகளோடு போகலாம். சேற்றிலிருந்து வந்த வண்டியை உடனே வாங்கிக்கொண்டு கிளம்பும் ஆளுக்குத்தான் அதில் வருத்தம்.

ஆகவே நான் குழுவின் முன் வைத்திருப்பது இது. வரும் டிசம்பரில் 200, ஜனவரியில் 300 என இரண்டு பி.ஆர்.எம்.களை, புகையும் மூடுபனியும் இடம் கொடுத்தால், எம்.டி.பி.யில் முடிப்பது. பிப்ரவரியில் மீண்டும் பில்லிங். இம்முறை நால்வரும் ஒன்றாக ஓட்டாமல், கான்டினில் செய்யப்போவதைப் போல ஒருவர் மாற்றி ஒருவராக, சாயங்காலம் தொடங்கி விடியும்வரை, வேண்டுமென்றே காலுறையை நனைத்துக்கொண்டு. அந்த இரவை முடிப்பவர்கள் அதற்கடுத்த ஜனவரிக்கு நால்வர் பிரிவில் பெயர் கொடுக்கலாம். மூவர் மட்டுமே தேறினால் இருவர் பிரிவுக்கு இறங்குவதில்லை, நான்காவது ஆளைத் தேடுவது. மயூர் விகாரில் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. அதிகாலை 3 மணிக்கு எழுப்பினால் எரிந்து விழமாட்டாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.